ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறுகிறதா? ஒளியாதீர்கள், வாருங்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் வருடம் எங்கள் ஓ.பி.க்குத் தவறாமல் வருவார்கள். எடை இறங்கிக்கொண்டே இருக்கும், மெஷினில் ஏறி நிற்பதற்கே ஆசையாக இருக்கும். இரண்டாம் வருடம் போனில் பேசிக்கொள்வார்கள். மூன்றாம் வருடம் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம், சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் நிறைய பேர் வராமல் போவதற்குக் காரணம், எடை மறுபடி ஏறத் தொடங்கியதுதான். டாக்டர் திட்டுவாரோ என்ற பயம். அதைவிடப் பெரிதாக, வெட்கம்.

கோவையில் இந்தச் சிகிச்சைக் குழுவில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடும் அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சிறிய துணிக்கடை வைத்திருப்பவர். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தபோது 121 கிலோ. ஒன்றரை வருடத்தில் 76 கிலோவுக்கு வந்தார். ஐந்தாவது வருடம் 89 கிலோ. எங்களைப் பார்க்க அவராக வரவில்லை. முட்டி வலிக்குப் போன இடத்தில் அந்த டாக்டர் அனுப்பிவைத்தார். உட்கார்ந்ததும் முதலில் சொன்னது: "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்களப் பாக்க வர்றதுங்க மேடம்? அத்தன செலவு பண்ணியும் மறுபடி குண்டாயிட்டேன்னு வீட்லயே சொல்றாங்க."

அவரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இறங்கியது 45 கிலோ. திரும்பி வந்தது 13. மீதி 32 கிலோ இன்னமும் போனது போனதாகவே இருக்கிறது. சர்க்கரை மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது குறைந்தபடியே இருக்கிறது. இதற்குப் பெயர் தோல்வி இல்லை.

இது ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு இல்லை. சுவீடனில் 1987-ல் தொடங்கி, லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் பல வருடங்கள் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடங்களில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 25 சதவீதம். அதாவது கொஞ்சம் திரும்பி ஏறி, அங்கே நின்றது. அறுவை சிகிச்சை இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் சராசரி எடையிலோ பெரிய மாற்றமே இல்லை. ஆக, மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு சில கிலோ ஏறுவது நடக்கக்கூடியதுதான். ஆபரேஷனுக்கு முன்பே இதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் ஏறுகிறது? ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பாகத்தை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் வருடம் பசியே தெரியாது. அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும். போகப் போகப் பசி திரும்பும், சாப்பிடும் அளவும் கூடும். "வயிறு பழையபடி பெரிசாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு பதறி வருபவர்கள் உண்டு. எல்லோருக்குமே இரைப்பை ஓரளவு இளகும். அது மட்டுமே பெரிய எடை ஏற்றத்துக்குக் காரணமாக இருப்பது குறைவு. இன்னொரு விஷயம்: 76 கிலோ உடம்புக்கு 121 கிலோ உடம்பைவிடக் குறைந்த ஆற்றல் போதும். எடை இறங்கியதும் உடம்பு தன் செலவை இன்னும் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை.

சரி, அந்த அம்மாவின் சாப்பாட்டுக்கு வருவோம். "நான் கம்மியாத்தானுங்க சாப்பிடறேன்" என்றார். மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதி வந்தார், அவர் சொன்னது உண்மைதான். காலை இரண்டு இட்லி, சட்னி. மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், பொரியல். இரவு ஒரு தோசை. தட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாளின் ஓரத்தில், நேரம் போட்டு, பொடி எழுத்தில் வேறு சில இருந்தன. 11 மணி, டீ, பிஸ்கட் 3. 4 மணி, டீ, பிஸ்கட் 4. 6 மணி, முறுக்கு. 10 மணி, மிக்சர், "கொஞ்சம்". டீ ஒவ்வொன்றுக்கும் சர்க்கரை இரண்டு ஸ்பூன்.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சின்ன இரைப்பை, கோழிக்கறியோ சுண்டலோ நான்கைந்து வாயிலேயே போதும் என்று சொல்லிவிடும். டீயில் நனைத்த பிஸ்கட், வாயில் கரையும் முறுக்கு, ஐஸ்கிரீம், ஜூஸ், பாயசம் இதெல்லாம் அப்படி நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. அந்த அம்மா ஒரு நாளில் சாப்பிட்ட புரதம் 30 கிராம்கூட வரவில்லை. இவர்களுக்கு நாங்கள் கேட்பது குறைந்தது 60 கிராம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம்தான், ஒரு முட்டையில் 6. அவருக்கு நான் செய்த முதல் மாற்றம் இதுதான்: பட்டினி போடவில்லை, சிலவற்றை மாற்றினேன். இட்லி ஒன்றாகி, கூட இரண்டு முட்டை வந்தது. 11 மணிக்குக் கடையில் பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் வேகவைத்த கொண்டைக்கடலை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது. டீ இரண்டு வேளை, சர்க்கரை இல்லாமல்.

அந்த 6 மணி முறுக்கைப் பற்றிப் பேச வேறு ஒரு நாள் தேவைப்பட்டது. கடையில் வியாபாரம் மந்தமாகி, கடன் தவணை கட்டுகிற கவலை பிடித்துக்கொள்கிற நேரம் அது. ஆபரேஷனுக்கு முன்பும் அந்த நேரத்தில் கைக்கு எதையாவது தேடியவர்தான். இரைப்பையைச் சிறிதாக்கினால் அந்தப் பழக்கம் போய்விடாது. அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும், நாங்கள் அனுப்பினோம். எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

எடை ஏறினால் முதலில் பழி சாப்பாட்டின் மேல் விழும். அதற்கு முன் மருந்து டப்பாவைப் பார்க்க வேண்டும். இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகளில் சில, ஸ்டீராய்டு இவையெல்லாம் எடையைக் கூட்டலாம். மருந்துக் கடையில் முட்டி வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு வலி மாத்திரைகளால் குடல் இணைப்பில் புண்ணும் வரலாம். அப்புறம் தைராய்டு, தூக்கம், மாதவிடாய் நிற்கும் பருவம், மது. பைபாஸுக்குப் பின் மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், பழக்கமாகவும் வாய்ப்பு அதிகம். இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எடை ஏறிக்கொண்டே போனால் எண்டோஸ்கோபி செய்து உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது போன்ற மறு அறுவை சிகிச்சைகள் உண்டு. முதல் தடவையைவிட ஆபத்து கூடுதல் என்பதால், காரணம் தெரியாமல் அதற்கு அவசரப்படக் கூடாது. 2025-ல் பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளான டிர்செபடைடும் எடைக்கான செமாகுளுடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறியவர்கள் பலருக்கு இந்த ஊசிகள் நன்றாக உதவுகின்றன. ஆனால் உங்கள் குழு எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவருக்குப் பசி இன்னும் குறைந்தால், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எடை ஏறிய பதற்றத்தில் யூடியூப் பார்த்து, பத்து நாள் வெறும் தண்ணீர், வெறும் ஜூஸ் என்று இறங்காதீர்கள். உங்கள் உடம்பில் வைட்டமின், இரும்புச் சத்தின் கையிருப்பு மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை. தொடர்ந்து வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோனால் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், மூளைக்கு நிரந்தரப் பாதிப்புகூட வரலாம். எல்லாமே வீண், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலும் அதுவும் அவசரம்தான். இந்த ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு அப்படித் தோன்றுவது உண்டு. உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "இவ்வளவு செலவு பண்ணியும்" என்ற வாக்கியத்தை நிறுத்துங்கள். அதைக் கேட்டவர்தான் இரவு 10 மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, மிக்சர் டப்பாவைத் திறக்கிறார்.

எப்போது வரலாம்? உங்கள் மிகக் குறைந்த எடையிலிருந்து மூன்று நான்கு கிலோ ஏறி, ஒரு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். 13 கிலோ ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். வருடக்கணக்காக வராமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவிடம் போகலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், மூன்று நாள் சாப்பாட்டை எழுதிய தாள், இவற்றை எடுத்து வாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவதையும் சேர்த்து.