ஸ்டூடியோ: பயில்களரி

மட்டக்களப்பு நகரில் "ஸ்டூடியோவுக்குப் போறன்" என்றால், அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் போவதாகத்தான் வீட்டார் நினைப்பார்கள். வானொலியில் அது கலையகம். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்கோ அது ஓர் அறை மட்டுமல்ல, பாடத்தின் பெயரும் அதுவே.

'ஸ்டூடியும்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஆர்வம், ஊக்கத்தோடு ஈடுபடுதல் என்று பொருள். இத்தாலியில் அது படிக்கும் அறையாகி, ஓவியரின் வேலையறையாகி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர் இதே இடத்தை 'அத்தெலியே' என்பார்கள். அதன் வேர் மரச்சிராய். தச்சுப்பட்டறையிலிருந்து வந்த சொல். பாரிஸின் எக்கோல் தே போசார் என்ற நுண்கலைக் கல்லூரியில் மாணவர்கள் ஓர் ஆசானின் அத்தெலியேயில் சேர்ந்து, மூத்தவர்களுக்கு உதவி செய்தபடியே தொழில் பழகினார்கள்.

கட்டடக்கலைப் படிப்பில் இன்றும் முறை அதுதான். "வாவிக்கரையில் ஒரு மீன்சந்தை" என்று ஒப்படை தருவார்கள். பிள்ளை வரைந்து கொண்டுபோகும். ஆசிரியர் அதன்மேல் ட்ரேசிங் தாளை விரித்து, தடித்த பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் கேட்பார்: "கச்சான் காத்து அடிச்சா இந்த யன்னலால என்ன வரும் தம்பி?" கூரை திரும்பும், சுவர் நகரும், அட்டையில் செய்த மாதிரியுரு மறுபடி வெட்டப்படும். ஒருவருக்குச் சொன்ன திருத்தத்தைச் சுற்றி நிற்கும் எல்லோரும் கேட்டுப் படிப்பார்கள். கடைசி நாளில் நடுவர்கள் முன்னால் படங்களைத் தொங்கவிட்டு விளக்கவேண்டும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? கலையகம் அறையை மட்டும் சொல்கிறது. வரைகூடம் வரைதலோடு நின்றுவிடுகிறது. செயலமர்வு இரண்டொரு நாளில் முடிகிற காரியம். பட்டறை நெருங்கி வருகிறது, ஆனால் அதில் செய்பொருள்தான் முன்னுக்கு நிற்கிறது, பழகுபவர் பின்னுக்குப் போய்விடுகிறார்.

எங்கள் கூத்தில் இதற்கு ஒரு சொல் காத்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் ஆடவேண்டிய பாகத்தை எழுத்தில் கொடுப்பார், அது ஒப்படை. ஆட்டம் பழக்கும்போது பிழைத்த காலை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திருத்துவார். கிழமைதோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, முழுவதையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப்பார்த்தல் என்று படிப்படியாகத் தேறி, வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் அரங்கேற்றம். அந்தக் 'களரி'தான் நான் சொன்ன சொல். 'பயில்' என்ற வினையிலும் திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பயில்களரி.

"இரண்டாம் ஆண்டுப் பயில்களரியில் மீன்சந்தை ஒப்படை நடக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கில் இடறவில்லை.