அக்யூட்டி: நோயின் கடுமையா, கவனிப்பின் அளவா?

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற சிஸ்டர், "மூணாம் பெட் ஹெவி, அஞ்சாம் பெட் ஸ்டேபிள்" என்பார். அந்த 'ஹெவி'க்கு நிர்வாகத்தார் வைத்திருக்கும் பெயர்தான் 'பேஷன்ட் அக்யூட்டி'. வார்டில் எத்தனை தலை என்று எண்ணி ஆள் போடுவது ஒரு முறை. யாருக்கு எவ்வளவு வேலை பிடிக்கும் என்று பார்த்து ஆள் போடுவது இன்னொரு முறை. இரண்டாவதற்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

சொல்லின் வேர் ஊசியில் இருக்கிறது. லத்தீனில் 'ஆகுஸ்' என்றால் ஊசி, 'அகூட்டுஸ்' என்றால் கூரானது. அக்யூட், அக்யூபங்சர் எல்லாம் அந்த வழி வந்தவைதான். கண் மருத்துவத்தில் 'விஷுவல் அக்யூட்டி'யைப் பார்வைக் கூர்மை என்று அழகாகத் தமிழாக்கிவிட்டோம். அக்யூட் நோய் என்றால் திடீரென்று வந்து கடுமையாகத் தாக்குவது. அங்கிருந்துதான் செவிலியர் துறை அக்யூட்டியை எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு விடாமல் பொருளையும் கொஞ்சம் நகர்த்திவிட்டது.

எப்படி என்று பார்ப்போம். மாரடைப்பு வந்த ஒருவர் மானிட்டருக்குக் கீழே அமைதியாகப் படுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு அறுவை முடிந்த ஒரு தாத்தா. பிபி, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் சரி. ஆனால் ராத்திரியானால் அவருக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது; கையிலுள்ள ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அதற்கே இரண்டு பேர் வேண்டும். வீட்டிலிருந்து வந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை, "சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன்" என்கிறார்கள். நோய் யாருக்குக் கடுமை? முதலாமவருக்கு. வேலை யாரிடம் அதிகம்? தாத்தாவிடம்தான்.

இதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காக 2003இல் வெளியான 'நர்சிங் ஆக்டிவிட்டீஸ் ஸ்கோர்' என்ற மதிப்பெண் முறை, வென்டிலேட்டர், மருந்து ஆகியவற்றோடு நிற்கவில்லை. அதிலுள்ள 23 இனங்களில் உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, உறவினருக்கு ஆறுதல் சொல்வது, ஏட்டில் எழுதுவது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 100 வந்தால் ஒரு செவிலியரின் முழு நேரமும் அந்த ஒரு நோயாளிக்கே போய்விடும் என்று பொருள். 100ஐத் தாண்டவும் செய்யும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று வரம்பு வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேர். பொது வார்டில் முதலில் 6 பேர், 2005 முதல் 5 பேர். இந்தக் கணக்கு குறைந்தபட்ச ஆள்பலம்தான். அக்யூட்டி ஏறினால் ஆளையும் ஏற்ற வேண்டும் என்பது விதி.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி பார்த்துப் பெயர்ப்பவர்கள் 'கூர்மை' என்று போட்டுவிடுவார்கள். 'நோயாளிக் கூர்மை' என்று படித்தால் அவர் கெட்டிக்காரர் என்றல்லவா தோன்றும்! 'நோய்க் கடுமை' பரவாயில்லை, ஆனால் பாதிதான் சரி. தாத்தா அதில் விடுபட்டுப்போகிறார். தொல்காப்பியம் 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்கு ஒரே நூற்பாவில் பத்துப் பொருள் தருகிறது. கூர்மை, காப்பு, விரைவு, மிகுதி, அச்சம் ஐந்தும் அதில் அடக்கம். ஐசியு வாசலில் நின்று எழுதியதுபோல இருக்கும். என்ன செய்வது, இன்றைக்குக் கடி என்றால் கொசுவும் மொக்கை ஜோக்கும்தான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு 'கவனிப்பு நிலை'க்கு. "நல்லா கவனிச்சுக்கிட்டாங்க" என்று வீடு திரும்பியதும் எல்லாரும் சொல்கிற சொல்தானே அது. நோயை மட்டும் அளக்கிற இடத்தில் 'நோய்க் கடுமை' இருக்கட்டும். ஆள் ஒதுக்கும் பேச்சு வந்தால் 'கவனிப்பு நிலைப்படி பணிப்பங்கீடு' எனலாம். ஒப்படைப்பு ஏட்டில் இப்படி வரும்: "மூன்றாம் படுக்கை: நோய்க் கடுமை குறைவு, கவனிப்பு நிலை உயர்வு. இரவில் கூடுதலாக ஒருவர் தேவை."