ஃபிலிம் கிளப்: தமிழில் என்ன பெயர் வைப்பது?

மாதம் ஒரு படம் பார்ப்பது, பார்த்ததும் கலைந்துவிடாமல் உட்கார்ந்து பேசுவது என்று நாலு பேர் முடிவு செய்துவிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது, புரொஜெக்டரும் இரவல் கிடைத்துவிட்டது. அறிவிப்பு எழுத உட்காரும்போதுதான் பேனா நிற்கும். 'கம்யூனிட்டி ஃபிலிம் கிளப்' என்பதைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

ஃபிலிம் என்பதன் பழைய ஆங்கில மூலத்துக்குச் சவ்வு, மெல்லிய தோல் என்று பொருள். அது பிறகு மெல்லிய பூச்சைக் குறித்து, பூச்சு ஏறிய சுருளைக் குறித்து, கடைசியில் சுருளில் பதிந்த கதைக்கே பெயரானது. நம் 'படம்' வந்த வழியும் ஏறக்குறைய இதுதான்: முதலில் துணி, பிறகு துணியில் தீட்டிய ஓவியம், பிறகு எந்த ஓவியமும். மயிலுக்குப் பேகன் கொடுத்த போர்வையைப் புறநானூறு 'படாஅம்' என்கிறதே, அது இதன் உறவுச் சொல். 'திரையிடல்' இன்னும் வேடிக்கை. திரையிட்டு மறைப்பது பழைய வழக்கு. இன்று திரையிட்டுக் காட்டுகிறோம். ஆங்கில 'ஸ்கிரீன்' என்ற சொல்லும் இப்படித் தலைகீழானதுதான்.

கிளப் என்பது பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸிலிருந்து வந்த சொல்; பொருள் தடிக்கம்பு. கம்பின் முனைபோல ஒன்றாகத் திரள்வது என்ற பொருள் கிளைத்து, 17ஆம் நூற்றாண்டில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தைக் குறித்தது. ஆகவே சந்தா கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சினிமாவும் கிளப்பும் சேர்ந்த பெயர் பிரான்சில் 1920இல் திரைப்பட விமர்சகர் லூயி தெல்லுக் தொடங்கிய இதழின் தலைப்பில் 'சினே-கிளப்' என்று இடம்பெற்றது. லண்டனில் 1925இல் தொடங்கியவர்கள் 'ஃபிலிம் சொசைட்டி' என்றார்கள். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் 1947இல் கல்கத்தாவில் தொடங்கியதும் சொசைட்டிதான். அதனால் தமிழில் 'திரைப்படச் சங்கம்' என்பது நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் சினிமாவோடு சங்கம் சேர்ந்தால் தயாரிப்பாளர் சங்கம், நடிகர் சங்கம் என்று தொழில் வாடை அடிக்கிறது.

'கழகம்' என்றால்? குறளில் அது சூதாடும் இடம்: 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்' (937). கம்பனிடம் அது கலை பயிலும் இடமாகிவிட்டது. இன்று கட்சிக்கும் போக்குவரத்துக்கும் போய்விட்டது.

மிஞ்சுவது மன்றம். ரசிகர் மன்றம் நினைவுக்கு வரும், மறுக்கவில்லை. சீட்டாடும் கிளப்புகள் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டிக்கொள்வதும் உண்டு. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. பழந்தமிழில் மன்றம் என்பது எல்லோரும் வந்து கூடும் ஊர்ப் பொதுவிடம். வீட்டுக்குள் நட்பாக இருந்து 'மன்றில் பழிப்பார்' என்று குறள் (820) சொல்லும்போதும் மன்று என்றால் பலர் முன்னிலை. வந்தவர் யாரும் உட்காரலாம், பேசலாம் என்ற பொருள் இதில் மட்டுமே தங்கியிருக்கிறது.

'கம்யூனிட்டி' என்பதற்குச் 'சமூகம்' என்று போட்டுவிடாதீர்கள். 'சமூகத் திரைப்பட மன்றம்' என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் சமூகப் படம் மட்டும் காட்டுவார்களோ என்று நினைப்பார்கள். மீதிப் பேர் 'எந்தச் சமூகம்?' என்பார்கள். சாதியைச் சாதி என்று சொல்லக் கூசி அந்த நல்ல சொல்லைக் கெடுத்துவிட்டோம். 'ஊர்' போதும்: ஊர்த் திரைமன்றம். குடியிருப்புக்குள் மட்டும் நடப்பதானால் 'குடியிருப்புத் திரைமன்றம்'.

'திரையிடல் உரிமை' என்ற சொல்லையும் கையோடு தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் பார்க்க வாங்கிய வட்டோ ஓடிடி சந்தாவோ பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. படத்தின் உரிமையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி அறிவிப்பு: 'ஊர்த் திரைமன்றம். சனி மாலை 6 மணிக்குத் திரையிடல். படம் முடிந்ததும் பேச்சு.' இடம் இல்லையென்று கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் விளக்கு எரிந்ததும் முதலில் கேட்பது நாற்காலிகள் நகரும் சத்தமாகத்தான் இருக்கும்.