அலைவுகாட்டி: ஆசிலோஸ்கோப்புக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

பழைய மின்னணுச் சோதனைக் கருவிகளை விலைக்கு வாங்கி, பழுது நீக்கி, சேர்த்து வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் மேசையில் நடுவிடம் பெறுவது ஆசிலோஸ்கோப். கல்லூரி ஆய்வகங்களில் இதனைக் கேதோட் ரே ஆசிலோஸ்கோப் என்பதன் சுருக்கமாகச் சி.ஆர்.ஓ. என்பர், பணிமனைகளில் ஸ்கோப் என்றால் போதும். தமிழில் எழுத முற்படும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. அலைகாட்டி, அலைநோக்கி, அலைவுநோக்கி, அலைவுகாட்டி என நான்கு வடிவங்கள் கண்ணில் படுகின்றன. இவற்றுள் அலைவுகாட்டி என்பதே சரியானது என்று கருதுகிறேன். அதற்கான சான்று மூலச்சொல்லின் வரலாற்றிலும், அதைவிடக் கூடுதலாகக் கருவி இயங்கும் முறையிலும் இருக்கிறது.

முதலில் பொருள். மின்சுற்றின் ஓர் இடத்தில் உள்ள மின்னழுத்தம் காலம் நகர நகர எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி இது. கிடைமட்ட அச்சு காலத்தையும் செங்குத்து அச்சு மின்னழுத்தத்தையும் குறிக்கும். பன்மானி எனப்படும் மல்டிமீட்டர் ஓர் எண்ணை மட்டுமே தரும். 12 வோல்ட் தர வேண்டிய மின்வழங்கியில் மின்தேக்கி ஒன்று வறண்டுபோய், அழுத்தம் நொடிக்கு நூறு முறை தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தாலும், பன்மானி சராசரியைக் கணக்கிட்டு 12க்கு அருகில் ஓர் எண்ணைக் காட்டி அமைந்துவிடக்கூடும். அந்தத் தாழ்வையும் எழுச்சியையும் கண்ணால் காண வேண்டுமானால் ஆசிலோஸ்கோப்தான் வேண்டும்.

மூலச்சொல் இரு பகுதிகளால் ஆனது. முற்பகுதி, ஊசலாடுதலைக் குறிக்கும் 'ஆசிலாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதனோடு தொடர்புடைய 'ஆசில்லம்' என்னும் பெயர்ச்சொல், ரோமானியர்கள் திராட்சைத் தோட்டங்களின் தெய்வமான பாக்கஸுக்காக மரக்கிளைகளில் தொங்கவிட்ட சிறிய முகவடிவங்களைக் குறித்தது. காற்றில் அவை இங்குமங்கும் ஆடியதால் ஆடுதல் என்னும் வினையோடு அச்சொல் ஒட்டிக்கொண்டது. பிற்பகுதி, உற்றுப் பார்த்தலைக் குறிக்கும் 'ஸ்கோபெயின்' என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஆட்டத்தைக் குறிக்கத் தமிழில் ஊசல் என்னும் அழகிய சொல் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் மகளிர் ஊசலாடிப் பாடும் பாட்டுக்கு ஊசல்வரி என்றே பெயர். ஆயினும் இயற்பியலில் ஊசல் என்பது தொங்கி ஆடும் பொருளுக்கு உரியதாக நிலைத்துவிட்டது. ஆகவே மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அதனை நீட்டுவது பொருந்தாது.

முதலில் பிறந்தது ஸ்கோப் அன்று, கிராப். பிரான்சு நாட்டின் ஆந்திரே பிளாந்தெல் 1893இல் ஆசிலோகிராபை உருவாக்கினார். மின்னோட்டத்துக்கு ஏற்ப நுண்ணிய பாகம் ஒன்று அசைய, அதன் அசைவை ஒளிக்கற்றை பதிவு செய்தது. வரைந்து தருவதால் அதனை அலைவுவரைவி என்று சொல்லலாம். அசையும் பாகத்துக்கு எடை உண்டு என்பதால் மிக விரைவான மாற்றங்களை அதனால் தொடர முடியவில்லை. 1897இல் ஸ்டிராஸ்பூர்க்கில் பணியாற்றிய ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன், எதிர்மின்வாய்க் கதிரை வளைத்து ஒளிர்பூச்சின் மீது விழச்செய்யும் குழாயை அமைத்தார். எலெக்ட்ரான் கற்றையான அக்கதிருக்கு எடை இல்லையென்றே சொல்லலாம். ஆகவே வேகத்துக்கு இருந்த தடை நீங்கியது. பிரவுனின் குழாய் ஒரு திசையில் மட்டுமே கற்றையை அசைத்தது. காலத்தைப் பிரித்துக் காண அவர் சுழலும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அவருடைய உதவியாளர் யோனதன் செனக் 1899இல், மற்றொரு திசையிலும் கற்றையைச் சீராக நகர்த்தும் ஏற்பாட்டைச் சேர்த்தார். சுழலும் கண்ணாடியின்றித் திரையிலேயே முழுக் கோடும் தெரிந்தது அப்போதுதான்.

திரையில் கோடு தெரிந்தால் மட்டும் அளவீடு ஆகிவிடாது. கற்றையைத் திரையின் குறுக்கே நகர்த்தும் கிடைமட்ட ஓட்டம் தானாகத் திரும்பத் திரும்ப ஓடும் பழைய கருவிகளில், அலைவின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் பொருந்தாதபோது உருவம் நழுவிக்கொண்டே போகும். அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்துப் போர்ட்லேண்டில் ஹோவர்ட் வால்லம், ஜாக் மர்டாக் ஆகியோர் 1946இல் பிறருடன் சேர்ந்து தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1947இல் வெளியிட்ட 511 என்னும் கருவியில் இதற்கு உறுதியான தீர்வு தந்தது. உள்ளே வரும் மின்னழுத்தம் குறித்த ஓர் அளவைத் தொடும் கணத்தில் மட்டுமே ஓட்டம் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்திலிருந்து புறப்பட்டு, உருவம் அசையாமல் நிற்கும். இதனை டிரிக்கர் என்பர். தொடக்கி என்று தமிழில் எழுதுவேன். இன்றைய சேகரிப்பாளர்கள் அந்த நிறுவனத்தின் பழைய கருவிகளைத் தேடி அலைவதற்கும், அதே ஆரிகானில் அவற்றுக்கென விண்டேஜ்டெக் என்னும் அருங்காட்சியகம் நடப்பதற்கும் அந்தக் காலத்துப் பொறியியலின் தரமே காரணம்.

இனித் தமிழ்ச்சொல். அலை வேறு, அலைவு வேறு. தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூலில் அலைவுகள் ஒரு பாடம், அலைகள் அடுத்த பாடம். ஒரு நிலையைச் சுற்றி மாறி மாறி நிகழும் அசைவு அலைவு. அந்த அசைவு இடம்விட்டு இடம் பரவிச் சென்றால் அலை. ஆசிலோஸ்கோப் ஓரிடத்தில் நிகழும் மாற்றத்தையே காண்கிறது; ஆகவே அலைகாட்டி, அலைநோக்கி என்பவை பொருளில் வழுவுகின்றன. திரையில் தெரியும் வளைகோடு கடலலையின் வடிவில் இருப்பதால்தான் அவை எளிதில் நாவில் ஏறிவிட்டன போலும். பிற்பகுதியில் நோக்கி வேண்டுமா, காட்டி வேண்டுமா? தொலைநோக்கியிலும் நுண்ணோக்கியிலும் கண்ணை வைத்து அதன் வழியாக நோக்குகிறோம். இக்கருவியின் வழியாக எதையும் நோக்குவதில்லை; கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அது தானே உருவாக்கித் திரையில் காட்டுகிறது. மின்னூட்டம் இருப்பதை உணர்த்தும் எலெக்ட்ரோஸ்கோப்பை, மூலத்தில் ஸ்கோப் என்று இருந்தும், மின்காட்டி என்றே முன்னோர் வழங்கினர். அந்த முன்மாதிரி நமக்குப் போதும்.

பழுது நீக்குவோருக்கு இந்தச் சொல்லால் வேறொரு நன்மையும் உண்டு. அலைவு, காட்டி என்னும் இரு பகுதிகளைப் போலவே கருவியின் உள்ளும் இரண்டாகப் பிரிகிறது. உள்ளீட்டிலிருந்து, கற்றையை மேலும் கீழும் வளைக்கும் செங்குத்துத் தகடுகள் வரை செல்லும் பெருக்கிகள் அலைவைச் சுமந்து செல்பவை. குழாயும், அதற்குரிய உயர் மின்னழுத்தமும், கிடைமட்ட ஓட்டமும் காட்டும் வேலைக்கு உரியவை. திரையில் ஒரு புள்ளி மட்டும் நின்று எரிந்தால் கிடைமட்ட ஓட்டத்தில் முதலில் தேட வேண்டும். கோடு நேராக ஓடி, உள்ளே கொடுத்த குறிப்பலையின் சுவடே இல்லாவிட்டால் பெருக்கிகளில் தேட வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால், 1972இல் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் டெக்ட்ரானிக்ஸ் 465 போன்ற கருவிகளில் உள்ள கற்றை தேடும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். கோடு திரைக்கு வெளியே போயிருந்தால் அது உள்ளே வந்துவிடும், கற்றையே இல்லாவிட்டால் வராது. இவற்றுக்கெல்லாம் முன்பாக மின்வழங்கியின் ஒவ்வொரு அழுத்தத்தையும் அளந்துவிட வேண்டும். ஏனெனில் பழைய கருவிகளின் நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல வறண்டுபோகின்றன. டான்டலம் மின்தேக்கிகள் திடீரெனக் குறுக்குச்சுற்றாகி, தாம் இருக்கும் வழித்தடம் முழுவதையும் கீழே இழுத்துவிடுகின்றன. குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் 465இல் 10,000 வோல்ட்டைத் தாண்டும். கருவியை அணைத்த பின்னும் அது தேங்கி நிற்கக்கூடும். ஆகவே உயர் மின்னழுத்தத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளாதவர் மூடியைத் திறக்காதிருப்பதே நன்று.

டெக்ட்ரானிக்ஸின் 500 வரிசைக் கருவிகள் பலவற்றில் பாகங்கள் அச்சிட்ட பலகையில் இல்லை. வெள்ளி பூசிய பள்ளங்களைக் கொண்ட பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டுள்ளன. சால்டர் எனப்படும் சாதாரண ஈயப் பற்றாசை அங்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும்; பிறகு பள்ளத்தில் எதுவும் ஒட்டாது. ஆகவே 3 விழுக்காடு வெள்ளி கலந்த பற்றாசு தேவை. பழுது பார்ப்பவருக்காக அதில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். பயனர் என்றேனும் மூடியைத் திறப்பார் என்பதை மதித்துச் செய்த அந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பற்றாசு என்பது புதிதாகப் புனைந்த சொல்லன்று. ஆசிடை நேரிசை வெண்பா என்னும் பா வகையில் இணைப்பாக வரும் அசையான ஆசு என்பதற்கு, பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடும் பற்றாசைத்தான் யாப்பு உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள்.

பழையவற்றைச் சேர்ப்பதற்கு விலைக்குறைவு மட்டும் காரணமாகாது. அக்காலக் கையேடுகளில் முழுச் சுற்றுவரைபடமும், ஒவ்வொரு பகுதியும் இயங்கும் விதத்தின் விளக்கமும் அச்சிடப்பட்டிருந்தன. லீனியர் டெக்னாலஜி என்னும் மின்னணுச் சில்லு நிறுவனத்தின் புகழ்பெற்ற சுற்றமைப்பாளர் ஜிம் வில்லியம்ஸ் பழைய கருவிகளைச் சேர்த்துப் பழுது நீக்குவதைப் பெருவிருப்பத்தோடு செய்துவந்தார். 2011இல் அவர் மறைந்த பின், பொருள்கள் குவிந்திருந்த அவருடைய பணிமேசை அமெரிக்காவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இக்காலக் கருவிகளில் எலெக்ட்ரான் கற்றை இல்லை. மின்னழுத்தம் எண்களாக மாற்றப்பட்டு நினைவகத்தில் சேர்ந்த பிறகே திரையில் கோடாகிறது. சி.ஆர்.ஓ. என்னும் சுருக்கம் எதிர்மின்வாய்க் கதிரைக் குறிப்பதால் இக்கருவிகளுக்குப் பொருந்தாது. அலைவுகாட்டி என்பதோ குழாயைச் சார்ந்து நிற்காததால் இரண்டு வகைக்கும் பொருந்தும். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் கதிர்க்குழாய் அலைவுகாட்டி, எண்ணிம அலைவுகாட்டி என்று முன்னொட்டுச் சேர்த்து எழுதலாம். அலைவை உண்டாக்கித் தரும் ஆசிலேட்டருக்குப் பாடநூல்கள் வழங்கும் அலையியற்றி என்பதையும் இதே முறையில் அலைவியற்றி என்று திருத்திக்கொண்டால், இயற்றும் கருவியும் காட்டும் கருவியும் ஒரே வேரிலிருந்து பெயர் பெறும்.