புதிய மின் நிலையத்தை மின் தொகுப்புடன் இணைத்தல்: விதிகளில் வரும் முக்கியச் சொற்களின் விளக்கம்

சூரிய மின் நிலையமோ காற்றாலையோ எதுவானாலும், தொகுப்பை இயக்கும் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அது நடத்தும் ஆய்வுகளைக் கடந்து, இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் வெளியே செல்ல முடியும். இந்த நடைமுறையில் வரும் சொற்கள் பலவும் செலவை யார் ஏற்பது, நட்டம் யாரைச் சேரும் என்பதைத் தீர்மானிப்பவை. விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அவற்றின் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து வரும் மின்பாதை பொதுத் தொகுப்பைச் சேரும் இடம் ‘இணைப்புப் புள்ளி’ எனப்படும். பெரிய நிலையங்களுக்கு இது பெரும்பாலும் ஒரு துணைமின் நிலையத்தில் அமைகிறது. அந்தப் புள்ளி வரையிலான மின்பாதை, மின்மாற்றி, கோளாறின்போது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் முதலியவை ‘இணைப்பு வசதிகள்’. இவற்றின் செலவு பொதுவாக விண்ணப்பதாரருடையது. அதற்கு அப்பால் செய்ய வேண்டிய பணிகள் ‘தொகுப்பு மேம்பாடு’ ஆகும். புதிய நிலையம் சேரும்போது குறுக்குச் சுற்று மின்னோட்டம் (கோளாறின்போது பாயும் மிகை மின்னோட்டம்) கூடுவதால், சற்றுத் தொலைவிலுள்ள துணைமின் நிலையத்தின் பிரேக்கர்களைக்கூட மாற்ற நேரலாம். இந்தச் செலவைச் சில நாடுகள் நுகர்வோர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கின்றன. சில நாடுகள் அதன் பெரும்பகுதியைப் புதிதாக வருபவர் மீதே சுமத்துகின்றன. ஒரு திட்டம் நிலைப்பதும் கைவிடப்படுவதும் பல நேரங்களில் இந்த ஒரு செலவைப் பொறுத்தே அமைவதால், மதிப்பீட்டுத் தொகை பின்னர் எவ்வளவு உயரக்கூடும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்தது கொள்ளளவு. சூரியத் தகடுகளின் மொத்தத் திறன் 100 மெகாவாட்டாகவும், தகடுகள் தரும் நேர்மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்களின் திறன் 80 மெகாவாட்டாகவும், ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவு 75 மெகாவாட்டாகவும் இருக்கலாம். அப்போது தொகுப்புக்குள் செலுத்தக்கூடிய உச்ச அளவு 75 மெகாவாட்தான். அந்த 75 மெகாவாட்டையும் எந்நேரமும் அனுப்பலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘உறுதியான இணைப்பு’ பெற்றவருக்கு இயல்பான இயக்க நிலையில் முழு அளவும் அனுப்ப இடமுண்டு. ‘உறுதியற்ற இணைப்பு’ விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்கக்கூடும். ஆனால் மின்பாதையில் நெரிசல் ஏற்பட்டால் உற்பத்தியைக் குறைக்கும்படி ஆணை வரும், அதற்கு இழப்பீடு கிடைக்காமலும் போகலாம். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வருவாயைக் கணக்கிடுவது கடன் தவணையையே ஆபத்துக்கு உள்ளாக்கும்.

‘காத்திருப்பு வரிசை’ என்பது விண்ணப்பங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஒழுங்கு. அமெரிக்காவில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் வகுத்த விதிப்படி, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற முறையில் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. நிலம்கூட உறுதியாகாத திட்டங்களும் இடம்பிடித்து நின்றதால் வரிசை நீண்டுகொண்டே போனது. 2023 ஜூலையில் அதே ஆணையம் விதியை மாற்றி, ஆயத்தமாக இருப்பவருக்கு முதலிடம் என்றது. நிலத்தின் மீதான உரிமைக்குச் சான்றும் உயர்ந்த வைப்புத்தொகையும் கேட்கப்படுகின்றன. பல திட்டங்களைச் சேர்த்து ஆராயும் ‘தொகுதி ஆய்வு’ நடக்கிறது. ஆய்வைத் தாமதப்படுத்தும் மின் தொடரமைப்பு நிறுவனத்துக்கும் அபராதம் உண்டு. விண்ணப்பதாரரிடம் மட்டுமே கண்டிப்புக் காட்டாமல் மறுபக்கத்தையும் பொறுப்பாக்கிய இந்தக் கடைசி விதி மிகவும் நியாயமானது. தொகுதி ஆய்வில் மேம்பாட்டுச் செலவு பகிரப்படுவது அனுகூலம்தான். எனினும் உடனிருந்த திட்டம் ஒன்று விலகினால் மறு ஆய்வு நடந்து, எஞ்சியவர்களின் பங்கு உயரக்கூடும்.

‘தொகுப்பு விதித்தொகுப்பு’ தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. அதில் முக்கியமானது ‘கோளாறைத் தாங்கி நிற்கும் திறன்’, அதாவது மின்னழுத்தம் நொடிப்பொழுது சரிந்தாலும் நிலையம் துண்டித்துக்கொள்ளாமல் இருப்பது. 2016 ஆகஸ்ட் 16 அன்று தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்பாதைகளில் கோளாறு ஏற்பட்டபோது, அது உடனடியாக நீக்கப்பட்டும்கூட, இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைத் தவறாகக் கணித்தோ, மின்னழுத்தக் குறைவைக் கண்டோ உற்பத்தியை நிறுத்தியதால் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் தொகுப்பிலிருந்து மறைந்தது. எனவே இன்வெர்ட்டர் வாங்கும்போதே, விதித்தொகுப்பு கோரும் அமைப்புகள் அதில் செய்யப்பட்டிருப்பதற்கான சோதனைச் சான்றிதழை உற்பத்தியாளரிடமிருந்து பெற்று, ஒப்பந்த ஆவணங்களுடன் சேர்த்து வைக்க வேண்டும்.