டி.சி. கேட்டு வந்தபோதுதான் பெயர் கேட்டேன்

அந்தப் பையனின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது, அவனுடைய டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதுதான். பி.காம். முதலாம் ஆண்டு, முதல் பருவம். கல்லூரி திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "என்னப்பா காரணம்?" என்றேன். "குடும்பச் சூழ்நிலை சார்" என்றான். விண்ணப்பத்திலும் அதையே எழுதியிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்தவர், சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டே நிமிடம். நூலகத்தில் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு ஜவுளிக் கடையில் வேட்டி எடுக்கப் போனபோது, எடுத்துப் போட்டது அவன். நான் மறந்திருந்தேன், அவன் மறக்கவில்லை. "அப்பல்லாம் பணம் பெரிய பிரச்சினை இல்ல சார். அக்கவுண்ட்ஸ் ஒண்ணும் புரியல. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சேன். முதல் இன்டர்னல்ல 25-க்கு 4. கேக்கறதுக்கும் ஆள் இல்ல" என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை, வேட்டியின் கரையை விரித்துக் காட்டிக்கொண்டே சொன்னான். அக்கவுண்ட்ஸ் நடத்தியது நான்தான்.

அதற்குப் பிறகு "குடும்பச் சூழ்நிலை" என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. பாதி டி.சி. விண்ணப்பங்களில் அது காரணமே இல்லை. கௌரவமாக வெளியேற நாமே திறந்து வைத்திருக்கும் கதவு அது.

வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரின் பெயரைப் புத்தாக்கப் பயிற்சி ஒன்றில் கேள்விப்பட்டேன். பயிற்சி கொடுக்க வந்தவர் பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டு, "இதுதான் டின்டோ மாடல்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் இடைவேளைக்குப் போனார். கட்டங்கள் என்னை ஈர்க்கவில்லை. பிற்பாடு தேடிப் படித்தபோது பிடித்துப்போனது, ஒரு மனிதர் மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை நாற்பது வருடம் கையில் வைத்துக்கொண்டு, தன் பதிலை மட்டும் மாற்றிக்கொண்டே வந்த விதம்.

டின்டோ சிகாகோ பல்கலைக்கழகத்தில் கல்வியியலும் சமூகவியலும் சேர்ந்த முனைவர் பட்டம் பெற்றவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் கழித்தார். அவர் துறைக்குள் வந்த காலத்தில், ஒரு மாணவர் பாதியில் நின்றால் அது அவர் குறை என்றுதான் அமெரிக்காவிலும் பேசினார்கள். ஊக்கம் போதாது, திறமை போதாது, அவ்வளவுதான். (நம் ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் இதே பேச்சுதான்.) 1975-இல் வந்த அவருடைய கட்டுரை அந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலை பற்றி எழுதியபோது, ஒருவருக்குச் சமூகத்தோடு இருக்கும் பிணைப்பு தளர்வதை முக்கியக் காரணமாகச் சொன்னார். அதைக் கல்லூரிக்குப் பொருத்திப் பார்க்கலாம் என்று வில்லியம் ஸ்பேடி என்ற ஆய்வாளர் 1970-இல் ஒரு வழி காட்டினார். டின்டோ அதை முழு விளக்கமாக வளர்த்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். மாணவர் வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவருகிறார். உள்ளே வந்ததும் படிப்பு என்று ஓர் உலகம், நட்பும் ஆசிரியர்களும் என்று இன்னோர் உலகம். இரண்டில் எதிலும் வேர் பிடிக்கவில்லை என்றால், மதிப்பெண் சுமாராக இருந்தாலும்கூடப் போய்விடுவார். அப்படியென்றால் வெளியேறியவரைப் பற்றி மட்டும் கேட்டுப் பயனில்லை. அவர் எந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை என்றும் கேட்கவேண்டும்.

இதுவரை சரி. இதற்கு மேல் அவர் தடுமாறிய இடம்தான் எனக்கு முக்கியம். 1987-இல் வந்த 'லீவிங் காலேஜ்' (கல்லூரியை விட்டுப் போதல்) நூலில், மானிடவியலாளர் வான் ஜெனப் சடங்குகளைப் பற்றிச் சொன்ன மூன்று நிலைகளை அவர் எடுத்துக்கொண்டார்: பிரிதல், கடந்துபோதல், சேர்தல். பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போவதுபோல, மாணவர் பழைய உறவுகளிலிருந்து ஓரளவு விலகினால்தான் கல்லூரியில் ஒட்ட முடியும் என்ற எண்ணம் அதில் இருந்தது. வில்லியம் டியர்னி என்ற இன்னோர் ஆய்வாளர் 1992-இல் இதைக் கடுமையாக எதிர்த்தார். சடங்கு என்பது ஒரு பண்பாட்டுக்குள்ளேயே நடப்பது. அமெரிக்கப் பழங்குடி மாணவரை அவருடையதல்லாத ஒரு பண்பாட்டுக்குள் இழுத்து, 'உன் ஊரை விட்டுவிட்டு வா' என்பது எந்தச் சடங்கில் சேர்த்தி என்று கேட்டார். டின்டோ தன் நிலையை மாற்றிக்கொண்டார். 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கல்லூரிக்கு வெளியே உள்ள பொறுப்புகளுக்கும் இடம் தந்தார். பிற்காலத்தில், குடும்பத்தோடும் தேவாலயத்தோடும் குலத்தோடும் தொடர்பு அறாமல் இருப்பதுதான் பலரைப் படிப்பில் நிறுத்திவைக்கிறது என்று எழுதினார்.

நான் இதைப் படித்தபோது முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் நான் வழக்கமாகச் சொல்வது, "இனிமே இவங்ககிட்ட வீட்டு வேலை எதுவும் சொல்லாதீங்க, படிப்பை மட்டும் பார்க்கட்டும்." பெருமையாக வேறு சொல்லுவேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் டே ஸ்காலர்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு வருபவர்கள், மாலை நாலு மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்பவர்கள், பண்டிகைக் காலத்தில் கடைக்கு ஓடுபவர்கள். வீட்டை மறந்துவிட்டு வா என்று அவர்களிடம் சொன்னால், அவர்கள் மறக்கப்போவது கல்லூரியைத்தான்.

அப்படியானால் இவர்களுக்குக் கல்லூரி என்பது எங்கே இருக்கிறது? விடுதி இல்லை, மாலை நேரக் கழகங்கள் இல்லை. வகுப்பறை ஒன்றுதான் இருக்கிறது. டின்டோவும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அவர் ஆராய்ந்த, அமெரிக்காவின் சியாட்டில் சென்ட்ரல் கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள் நம்மவர்கள் மாதிரிதான்: வேலை, குடும்பம், பயணம், நடுவில் படிப்பு. அங்கே சில பாடங்களை ஒரே மையக் கருத்தில் கோத்து, ஒரே மாணவர் குழு அவற்றைச் சேர்ந்து படிக்கும்படி செய்திருந்தார்கள். 1997-இல் டின்டோ வெளியிட்ட ஆய்வின்படி, அப்படிப் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படிப்பைத் தொடர்ந்தார்கள். நட்பு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று இரண்டு கட்டமாகப் போட்டதை அவரே அழித்து ஒன்றாக்க வேண்டியிருந்தது. வெளியில் பழக நேரம் இல்லாதவர்களுக்கு, பாடம் வழியாகத்தான் பழக்கமே வருகிறது.

இதற்கு முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரெய்ஸ்மன் என்ற கணிதக்காரர் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1970-களில் அங்கே கால்குலஸ் (நுண்கணிதம்) பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களைக் கேட்டால் ஊக்கமில்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஆதரவில்லை என்றார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் தேறவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி படித்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்து, அப்புறம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். டிரெய்ஸ்மன் 'பின்தங்கியோர் வகுப்பு' என்று எதையும் தொடங்காமல், கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடச் சொன்னார். மதிப்பெண்கள் ஏறின.

எங்கள் கல்லூரியில் நான் செய்தது இதன் ஏழை வடிவம். ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்தேன். ஒரே ஊர், ஒரே பள்ளி என்று சேராமல் பார்த்துக்கொண்டேன், ஆனால் ஒரே பஸ் ரூட்டில் வருபவர்கள் இரண்டு பேராவது ஒரு குழுவில் இருக்கட்டும் என்று விட்டேன். பஸ்ஸில்தான் அவர்கள் உண்மையில் பேசுகிறார்கள். முதல் சின்னத் தேர்வை இரண்டாம் வாரத்திலேயே வைத்து, மூன்று நாளில் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் எந்தக் கணக்கிலும் சேராது. இறுதி இருப்பு பொருந்தாத பேரேட்டை ஐந்து பேரும் சேர்ந்து சரிசெய்யவேண்டும், தமிழில் பேசிக்கொள்ளலாம். முதல் வருடம் குழப்பமாகத்தான் இருந்தது. இரண்டு குழுக்களில் ஒருவர் போட, நான்கு பேர் பார்த்து எழுதினார்கள். அடுத்த வருடம் யாரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் விட்டேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வருகைப் பதிவேடும் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. வருகை 75 சதவீதத்துக்கும் குறைந்தவர்களின் பட்டியல் பருவத்தின் முடிவில் வரும், அப்போது அது இரங்கல் செய்தி. தொடர்ந்து மூன்று நாள் வராத பெயரை முதல் ஆறு வாரத்துக்குள் பார்த்தால் இன்னும் ஏதாவது செய்யலாம். முதலில் குழுவில் ஒருவர் கூப்பிடுவார், அதற்குப் பிறகுதான் நான். ஆசிரியர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் பயந்துவிடுகிறார்கள். மென்டார் டைரி என்று ஒன்று இருக்கிறது, தன் பொறுப்பில் உள்ள மாணவர்களைப் பற்றி ஆசிரியர் எழுதிவைக்க வேண்டியது. எங்களில் பலர் அதை, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் மூன்று நிற மையில் எழுதி முடிப்போம். நானும் எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாடு வாசலை அகலமாகத் திறந்திருக்கிறது. 2021-22 கணக்கின்படி இங்கே உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு மொத்தமாக 28.4. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. பஸ் செலவுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் அந்தப் பணம் எவ்வளவு உதவுகிறது என்பதை நான் பார்க்கிறேன். ஆனால் உள்ளே வந்தவருக்குத் துணை இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு வாய்ப்பே ஆகாது என்று டின்டோ 2008 வாக்கில் வலியுறுத்தியது எங்களைப் போன்ற ஆசிரியர்களைப் பார்த்துத்தான். அரசாணை போட்டு ஒரு மாணவியின் பெயரை எனக்கு மனப்பாடம் செய்விக்க முடியாது.

2012-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பு 'கம்ப்ளீட்டிங் காலேஜ்' (கல்லூரியை முடித்தல்). விட்டுப் போவதிலிருந்து முடிப்பதற்கு வர அவருக்குக் கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. 2017-இல் இன்னொரு படி போனார். 'தக்கவைத்தல்' என்பது கல்லூரியின் கவலை. மாணவர் யாரும் தன்னைத் தக்கவைக்கச் சொல்லிக் கேட்பதில்லை, அவருக்குத் தொடர்ந்து படித்து முடிக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, இது என் இடம் என்ற உணர்வு, படிப்பதற்கு மதிப்பு இருக்கிறது என்ற எண்ணம், இந்த மூன்றையும் மாணவர் பக்கம் நின்று பார்த்தார். மூன்றாவதில் நாம் மிகவும் பலவீனம். "இதைப் படிச்சா என்ன சார் ஆகும்?" என்று கேட்கும் பையனைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். எனக்கென்னவோ, கேட்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றித்தான் அதிகக் கவலை.

பெற்றோருக்கு ஒன்று. முதல் மாதத்தில் மார்க்கைக் கேட்காதீர்கள். "மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானால், எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

போன வருடம் ஒரு பெண் டி.சி. கேட்டு வந்தாள். அதே "குடும்பச் சூழ்நிலை". நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கால் மணி நேரம் பேசியபிறகு உண்மையிலேயே குடும்பச் சூழ்நிலைதான் என்று தெரிந்தது. அப்பா படுக்கையில், தம்பி ஒன்பதாம் வகுப்பு. தொலைநிலைக் கல்வியில் சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். பெயரைக் கேட்கவேண்டி இருக்கவில்லை.