ஒவ்வொரு வருடமும் காலியாகிற ஐக்கியம்

கல்லூரி மாணவர்கள் நடுவில் ஊழியம் செய்ய ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. அதில் முதல் 5 வருடம் நான் செய்தது ஊழியமா, இல்லை என்னைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டேனா என்று யோசித்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்போது வியாழக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு 60 பேர் வருவார்கள். பாட்டு, சாட்சி, அப்புறம் என்னுடைய செய்தி, கடைசியில் ஜெபம். வேதபாடம் நான்தான் எடுப்பேன், முகாமுக்கு இடம் பார்ப்பது நான், காணிக்கைக் கணக்கு என் பையில் இருக்கிற சின்ன நோட்டில், விடுதி அறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதும் நான். யாராவது உதவட்டுமா என்று கேட்டால், நீங்கள் படியுங்கள் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். அதைத் தியாகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறு ஊரில் ஊழியம் பார்க்க 14 மாதம் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து அதே அறையைத் திறந்து பார்த்தால் 4 பேர். அதில் இரண்டு பேர் கடைசி வருடம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்னும் 83 பேர் இருந்தார்கள், அதில் கடைசியாக இருந்த செய்தி நான் ஊருக்குக் கிளம்புமுன் போட்டதுதான்: "இந்த வாரமும் வழக்கம்போல கூட்டம் உண்டு."

இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது. ஆக்ஸ்போர்டில் 1729-இல் சார்லஸ் வெஸ்லி சில மாணவர்களோடு ஒரு சின்னக் குழுவை ஆரம்பித்தார். அந்த வருடமே அண்ணன் ஜான் வெஸ்லி திரும்பி வந்து தலைமை எடுத்துக்கொண்டார். வேதம் வாசிப்பது, உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று கண்டிப்பான ஒழுங்கு. மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்களில் ஒன்றுதான் மெத்தடிஸ்ட், பிற்பாடு ஜான் வெஸ்லி தொடங்கிய பெரிய எழுப்புதல் இயக்கத்துக்கும் அதுவே பெயராயிற்று. அப்படிப்பட்ட குழுவிலேயே, 1733-இல் ஜான் வெஸ்லி வெளியூர் போய்வந்த சமயத்தில், அவர்களோடு திருவிருந்துக்கு வந்துகொண்டிருந்த 27 பேர் 5 பேராகச் சுருங்கிப்போனார்கள். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். வெஸ்லிக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்!

சபையையும், மாணவர்கள் கூடி ஜெபித்து வேதம் படிக்கிற கல்லூரி ஐக்கியத்தையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. சபையில் ஒரு மூப்பர் 30 வருடம் இருப்பார், பாடகர் குழுவில் அம்மா இருந்த இடத்தில் பிறகு மகள் நிற்பாள். இங்கே நான்கு வருடப் படிப்பு என்று வைத்துக்கொண்டால் வருடாவருடம் கால்வாசிப் பேர் போய்விடுகிறார்கள், அதுவும் நன்றாகப் பழகிப் பக்குவப்பட்ட கால்வாசி. முதல் வருடப் பிள்ளைக்கு வகுப்பறை எங்கே, நூலகம் எங்கே என்று தெரிந்து வீட்டு ஏக்கம் தணியவே பாதி வருடம் போகும். கடைசி வருடத்தில் புராஜெக்ட், வேலை தேடுவது, மேல்படிப்பு விண்ணப்பம். ஆக, ஒரு பிள்ளை நிதானமாக வளர்ந்து பொறுப்பெடுத்து நடத்தக் கிடைக்கிற காலம் சுமார் இரண்டரை வருடம். மூன்று வருடப் படிப்பென்றால் இன்னும் குறைவு. இந்தக் கணக்கைப் போடாமல் ஊழியம் ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய கூட்டம் முதல் மூன்று வருடம் அமோகமாக வளரும். அந்த வளர்ச்சியே கண்ணை மறைத்துவிடும்.

கேம்பிரிட்ஜில் 1877-இல் தொடங்கிய மாணவர் கிறிஸ்தவ ஐக்கியம் இன்றைக்கும் நடக்கிறது. அத்தனை தலைமுறை மாணவர்கள் வந்து போயிருக்கிறார்கள். அங்கே பொறுப்பு மாணவர்கள் கையில், பொறுப்பாளர்கள் வருடத்துக்கு வருடம் மாறுகிறார்கள். வெளியிலிருந்து போதகர்கள் வருவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். நடத்துகிறவர்கள் மாணவர்களே. தடுமாற்றமே இல்லாமல் ஓடியது என்று சொல்லவில்லை, உபதேச விஷயத்தில் 1910-இல் பெரிய பிரிவினையே நடந்தது. ஆனால் வருடாவருடம் ஆட்கள் மாறுவது அவர்களுக்குப் பழகிய விஷயம். என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது ஒவ்வொரு வருடமும் இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

சரி, நான் என்ன மாற்றினேன்? முதலில் வாயை அடக்கினேன். சொல்வதற்குச் சுலபம். ஒரு இரண்டாம் வருட மாணவி முதல் தடவையாக வேதபாடம் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாற்கு 2-ஆம் அதிகாரம், நான்கு பேர் கூரையைப் பிரித்து, கைகால் விளங்காத திமிர்வாதக்காரனைச் சுகம் கிடைக்க இயேசுவின் முன்னால் இறக்குகிற பகுதி. இயேசு ஏன் முதலில் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசினார் என்று கேட்டுவிட்டு அவள் காகிதத்தைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். எனக்கோ பதில் தொண்டை வரை வந்துவிட்டது, இந்தப் பகுதியை நான் பத்துத் தடவையாவது எடுத்திருப்பேன். அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து வேதாகமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மூலையில் இருந்த ஒரு பையன், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவன், "அந்த ஆளுக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்திருக்குமோ?" என்றான். அதற்கப்புறம் 40 நிமிடம் பேச்சு நிற்கவில்லை. அதில் இரண்டு கருத்து எனக்குச் சரியாகவே படவில்லை. கூட்டம் முடிந்த பிறகு அவளிடம் தனியாகச் சொன்னேன், அடுத்த வாரம் அவளே அதை எடுத்துத் திருத்தினாள். என் செய்தியை 60 பேர் கேட்ட காலத்தில் இப்படி ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்பதிலும் பல வருடம் ஏமாந்திருக்கிறேன். நன்றாகப் பாடுகிறவன், கிதார் வாசிக்கிறவன், கண்ணீர்விட்டு ஜெபிக்கிறவள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இப்போது தேடுவது வேறு. மூன்று வாரமாக இன்னார் வரவில்லையே அண்ணா என்று எவன் வந்து சொல்கிறானோ அவனைத்தான். இரண்டாம் தீமோத்தேயு 2:2-இல் பவுல் கேட்கிற தகுதியும் திறமை மட்டும் இல்லையே. உண்மையுள்ளவர்களாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். அந்த ஒரே வசனத்தில் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ளவர்கள், அவர்களிடம் கற்கிற மற்றவர்கள் என்று நாலு தலைமுறை அடங்கியிருக்கிறது. நாலு தலைமுறை என்பது கல்லூரியில் நாலே வருடம்.

பொறுப்பை மாற்றிக்கொடுக்கிற நேரமும் முக்கியம். பெரும்பாலான ஐக்கியங்களில் பிரிவுபசாரக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய பொறுப்பாளர்களை முன்னால் நிறுத்தி, கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த நாள் சீனியர்கள் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். யார் யார் வருகிறார்கள், அறைக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், போன முகாமில் எதில் சொதப்பினோம், எந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும், எல்லாமே சீனியர்களின் தலைக்குள்ளேயே போய்விடும். நாங்கள் இப்போது கடைசி வருடம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுகிறோம். சீனியர்கள் அந்த வருடம் முழுக்கக் கூடவே இருப்பார்கள், ஆனால் முடிவெடுப்பது ஜூனியர்கள். முதல் தடவை சீனியர்களுக்கு இது பிடிக்கவே இல்லை, தங்களை ஓரங்கட்டிவிட்டதாக ஒருவன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம். ஊழியத்தில் இருக்கிறவர்கள் இதை வெளியில் பேசுவதில்லை, அதனாலேயே எழுதுகிறேன்.

ஒரு பையன் இருந்தான், எல்லாக் கூட்டத்துக்கும் வருவான், முழு இரவு ஜெபம் என்றால் முதல் ஆள். தீவிரமான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவேன். ஒருநாள் அவனுடைய அப்பா போன் செய்தார். ஐந்து பாடத்தில் அரியர். அவர் கோபப்படக்கூட இல்லை, "நீங்கள் அவனிடம் ஒருதரம் கூடக் கேட்கவில்லையா சார்?" என்றுதான் கேட்டார். கேட்கவில்லை. அதன்பிறகு தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எங்களுக்கு ஒரு கூட்டமும் கிடையாது. படிப்பைவிட ஊழியம் பெரியது என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து பதில் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் வருகிற தானியேலே பாபிலோனியரின் எழுத்தையும் பாஷையையும் படித்துத் தேறியவன்தானே.

அடுத்தது ரகசியம். ஒரு பிள்ளை நம்மை நம்பி வீட்டுப் பிரச்சினையைச் சொல்கிறாள். அன்று மாலையே அது பொறுப்பாளர் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக வருகிறது, "பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் நம் இரண்டாம் வருடச் சகோதரி ஒருவர்..." என்று. இரண்டாம் வருடத்தில் இருப்பதே மூன்று பேர்! ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடக்கிற வம்புக்கு அளவே இல்லை. அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்க மாட்டாள், நம்மிடம் மட்டுமல்ல, எந்த விசுவாசியிடமும்.

ஆனால் ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது. ஆரம்ப காலத்தில் ஒருவன் என்னிடம் இப்படிச் சொன்னான், நான் ஒரு வசனம் சொல்லி, ஜெபித்து, அறைக்கு அனுப்பிவைத்தேன். அவன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான், அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: உயிரை விட்டுவிட நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், கையில் ஆபத்தான பொருள் எதுவும் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே போங்கள். இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஜெபியுங்கள், தாராளமாக ஜெபியுங்கள், போகிற வழியில். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் ஊழியர் யாராக இருந்தாலும் எங்கள் பிள்ளைகள் முன்னால் அவரைப் பேச விடுவதில்லை.

இன்னொரு ஆபத்து வெளியில் தெரியாமலே வளரும். எந்தப் பாடம் எடுப்பது, யாரோடு பழகுவது, வேலைக்குப் போவதா மேலே படிப்பதா, எல்லாவற்றுக்கும் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், அந்த அண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருக்கும். இருந்தது, எனக்கு. அந்தச் சுகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். 18 வயதுப் பிள்ளையின் மனச்சாட்சி நம் பொறுப்பில் இல்லை. ஆண் ஊழியர் மாணவியோடு மூடிய அறையில் தனியாக ஆலோசனைக்கு உட்காருவது, நள்ளிரவில் செய்தி அனுப்புவது, காணிக்கைப் பணத்தை ஒரே ஆள் எண்ணுவது, இதெல்லாம் எங்களிடம் எழுதியே வைத்த தடை. நல்லவர்களுக்கு விதி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்லவர்கள் மேல் பழி வந்தால் காப்பாற்றப்போவதும் அதே விதிதான்.

சபையைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தோம், வெகு உற்சாகமாகவும் இருந்தது. படித்து முடித்து வெளியே போன பிள்ளைகளுக்குப் பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த சாதாரண சபை சலிப்பாகத் தெரிந்தது, பாட்டு மெதுவாக இருக்கிறது, செய்தி நீளமாக இருக்கிறது என்று பலர் போவதையே நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்ட வாரமே ஞாயிறு கூட்டத்தை விட்டுவிட்டோம். இப்போது முதல் வருடத்திலேயே பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சபையில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறோம், அங்கே யாராவது ஒரு வயதானவரின் பெயராவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னையும் சேர்த்து ஊழியர்கள் பலர் பத்தாவது வருடத்துக்குள் கருகிப்போகிறார்கள். இரவு ஒரு மணிக்கு வருகிற போன், மாதக் கடைசியில் காணிக்கை வராத கவலை, நாம் மட்டும் வயதாகிக்கொண்டே போக அவர்கள் மட்டும் எப்போதும் 19 வயதில் இருக்கிற விநோதம். ஜனங்களின் வழக்கையெல்லாம் தனியாளாகவே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ சொன்னதை, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதை, என் மனைவி வேறு வார்த்தைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒருநாள் போனை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவசரம் என்றால் அவர் எடுப்பார். நான் நினைத்த அளவுக்கு அவசரங்கள் வருவதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கொஞ்சம் தாமதமாகக் கூட்டத்துக்குப் போனேன். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஒரு பையன் நோட்டும் பேனாவுமாக நின்றான், சேர்ந்து ஆறு வாரம் ஆன முதல் வருடம் என்று பிறகு தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா வர்றீங்களா அண்ணா? பேரும் நம்பரும் எழுதிடுங்க, அடுத்த வாரம் ஞாபகப்படுத்துறோம்" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த புதன்கிழமை மாலை செய்தியும் வந்தது.